இங்கிலாந்தில் தொலைக்காட்சிச் சந்தாவையும் பிராட்பேண்ட் கட்டணத்தையும் பேசிக் குறைப்பது எப்படி?

பதிலைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக, கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனின் ஹாரோ பகுதியில் வசிக்கும் உங்கள் குடும்பம், தொலைக்காட்சிச் சந்தாவையும் பிராட்பேண்டையும் ஒரே நிறுவனத்திடம் 18 மாத ஒப்பந்தத்தில் வாங்கியிருக்கிறது. தொடக்கத்தில் மாதம் 56 பவுண்டாக இருந்த பில், ஒப்பந்தக் காலம் முடிந்தபின் 88 பவுண்டாகிவிட்டது. அதே தொகுப்பை, புதிதாகச் சேர்பவர்களுக்கு 59 பவுண்டுக்குத் தருவதாக அந்த நிறுவனமே விளம்பரம் செய்கிறது. தொலைபேசியில் கேட்டபோது "இப்போதைய விலை இதுதான்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். இதைக் குறைக்க வழி உண்டா, உண்டென்றால் எப்படிப் பேச வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

வழி உண்டு. உங்களிடம் பேசியவர் பொய் சொல்லவில்லை; அவருடைய கணினித் திரையில் அவருக்குத் தெரிந்த விலை அதுதான். விலையைக் குறைக்கும் அதிகாரம் வேறொரு பிரிவுக்குத்தான் உண்டு. அந்தப் பிரிவுக்கு எப்படிச் செல்வது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், பழைய வாடிக்கையாளர் 88 பவுண்டும் புதியவர் 59 பவுண்டும் கட்டுவது தவறுதலாக நேர்ந்ததல்ல என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. பேசாமல் கட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்பதைக் கணக்கிட்டுத்தான் நிறுவனங்கள் இந்த விலைகளை வைக்கின்றன. மக்களுக்கு இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2018 செப்டம்பரில் இதைப் பற்றி அரசின் போட்டி ஆணையத்திடம் முறையீடு செய்தது. கைபேசி, பிராட்பேண்ட், வீட்டுக் காப்பீடு, வீட்டுக்கடன், சேமிப்புக் கணக்கு ஆகிய ஐந்து துறைகளில் மட்டும், நிறுவனத்தை மாற்றாமல் இருப்பவர்கள் ஆண்டுக்கு 410 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்டுகிறார்கள் என்று அது மதிப்பிட்டது. வீட்டுக் காப்பீட்டிலும் வாகனக் காப்பீட்டிலும் பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிட அதிகம் வாங்குவதை 2022 ஜனவரியில் தடை செய்துவிட்டார்கள். பிராட்பேண்டிலும் தொலைக்காட்சியிலும் அப்படித் தடை வரவில்லை. தகவல் சொல்லும் கடமையை மட்டும் நிறுவனங்கள்மீது சுமத்திவிட்டு, மீதியை வாடிக்கையாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்று தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் விட்டுவிட்டது. நான் அதை நியாயமான ஏற்பாடு என்று நினைக்கவில்லை. ஆனால் இப்போது நடைமுறையில் இருப்பது அதுதான்.

அந்தத் தகவல் கடமையே உங்களுக்கு முதல் ஆயுதம். 2020 பிப்ரவரி முதல், ஒப்பந்தக் காலம் முடிவதற்கு 10 நாள் முதல் 40 நாள் வரையிலான இடைவெளியில் நிறுவனம் உங்களுக்குக் கடிதமோ மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பியாக வேண்டும். முடியும் தேதி, இப்போது கட்டும் தொகை, முடிந்தபின் கட்டப்போகும் தொகை, விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம், அந்த நிறுவனம் தரக்கூடிய சிறந்த விலைகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். புதியவர்களுக்கான விலைகளையும் அதில் சொல்லியாக வேண்டும். ஒப்பந்தம் முடிந்தும் தொடர்பவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை இதேபோன்ற தகவல் வர வேண்டும். விளம்பர மின்னஞ்சல்களோடு சேர்ந்து இது பெரும்பாலும் குப்பைக் கோப்புக்குப் போய்விடுகிறது. இன்று இரவே அதைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால், நிறுவனத்தின் செயலியில் உள்ள கணக்குப் பக்கத்தில் ஒப்பந்தம் முடிந்த தேதி பதிவாகியிருக்கும். தொலைக்காட்சிக்கும் பிராட்பேண்டுக்கும் தனித்தனித் தேதிகள் இருப்பதும் உண்டு. இடையில் விளையாட்டு அலைவரிசைகளைச் சேர்த்திருந்தாலோ புதிய பெட்டி வாங்கியிருந்தாலோ, அதற்கென்று புதிதாக ஓர் ஒப்பந்தம் தொடங்கியிருக்கக்கூடும். இதைப் பார்க்காமல் "நான் போகிறேன்" என்று சொல்பவருக்கு, நூறு பவுண்டுக்கு மேல் விலகல் கட்டணம் வந்து நிற்கும்.

அடுத்து, உங்கள் வீட்டு வாசலுக்கு எத்தனை கம்பிகள் வருகின்றன என்று பாருங்கள். இந்த நாட்டில் பிராட்பேண்ட் விற்கும் பெயர்கள் பல இருந்தாலும் அடியில் ஓடும் வலையமைப்புகள் சிலவே. பிடி, ஸ்கை, டாக்டாக், வோடஃபோன், ப்ளஸ்நெட் எல்லாம் பெரும்பாலும் ஓப்பன்ரீச் என்ற வலையமைப்பு நிறுவனத்தின் கம்பியைத்தான் பயன்படுத்துகின்றன. வர்ஜின் மீடியாவுக்குத் தனிக் கேபிள் இருக்கிறது. இவை தவிர சிட்டிஃபைபர், அடுக்குமாடிகளில் ஹைபரோப்டிக், லண்டனில் கம்யூனிட்டி ஃபைபர் என்று புதிய வலையமைப்புகள் வந்திருக்கின்றன. ஆஃப்காம் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் உங்கள் முகவரிக்கு எவையெல்லாம் வருகின்றன என்று தெரிந்துவிடும். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மூன்று ஃபைபர் (கண்ணாடி இழை) இணைப்புகள் வரும், எதிர்வீட்டுக்கு ஓப்பன்ரீச்சின் பழைய செம்புக் கம்பி மட்டுமே வரும். முதல் வீட்டுக்காரர் பேரத்தில் எவ்வளவு கறாராகவும் இருக்கலாம். எதிர்வீட்டுக்காரருக்கு அந்த இடம் குறைவு. நண்பர் 25 பவுண்டுக்கு வாங்கினார் என்பதால் உங்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று வாதிடுவதில் பயனில்லை. உங்கள் முகவரிக்கு இன்னொரு நிறுவனம் தரும் விலையைச் சொன்னால்தான் எதிர்முனையில் இருப்பவர் காது கொடுப்பார்.

இனி, இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. தொலைக்காட்சியையும் பிராட்பேண்டையும் ஒரே விதமாகப் பேரம் பேசாதீர்கள். இரண்டும் ஒரே பில்லில் வந்தாலும், விலகும் விதிகள் இப்போது முற்றிலும் வேறாகிவிட்டன.

பிராட்பேண்டை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பர் 12 முதல் "ஒன் டச் ஸ்விட்ச்" என்ற முறை நடைமுறைக்கு வந்திருக்கிறது. புதிய நிறுவனத்திடம் சேர்ந்தால் போதும். பழைய நிறுவனத்தோடு பேசி இணைப்பை நிறுத்துவது அவர்கள் பொறுப்பு. முன்பு ஓப்பன்ரீச்சிலிருந்து வர்ஜினுக்கோ வேறொரு தனி வலையமைப்புக்கோ மாறுபவர்கள் இரண்டு பக்கமும் தாங்களே பேச வேண்டியிருந்தது. அந்தத் தொல்லை ஒழிந்தது. நீங்கள் புதிய நிறுவனத்தில் பதிவு செய்தவுடன், விலகல் கட்டணம் ஏதும் உண்டா, மாறினால் மற்றச் சேவைகள் என்னவாகும் என்ற விவரத்தைப் பழைய நிறுவனம் உங்களுக்கு அனுப்பியாக வேண்டும். மாறும் நாளுக்குப் பிறகான முன்னறிவிப்புக் காலத்துக்கென்று பிராட்பேண்ட் கட்டணம் வசூலிக்கவும் கூடாது. ஆகவே, பிராட்பேண்டைப் பொறுத்தவரை, நீங்களாகத் தொலைபேசியில் அழைத்து "நிறுத்துங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சொன்னால், தேதி வந்ததும் இணைப்பு அறுந்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் உங்கள் அலுவலக வேலையும் நடுவில் நிற்கும். ஒரே ஒருமுறை அழைத்து, வேறு நிறுவனத்தின் விலையைச் சொல்லி, அதற்கு ஈடாக வர முடியுமா என்று கேளுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால் வாதம் வேண்டாம், மாறிவிடுங்கள்.

தொலைக்காட்சி அப்படியல்ல. ஒன் டச் ஸ்விட்ச் முறைக்குள் கட்டணத் தொலைக்காட்சி வராது. அதை நீங்களே நிறுத்தியாக வேண்டும். இது தொல்லை போலத் தோன்றும். உண்மையில் பேரத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் தொலைக்காட்சி ஒரு மாதம் இல்லாமல் போனால் குடும்பத்துக்குப் பெரிய நஷ்டம் ஏதும் இல்லை. ஆன்டெனாவில் சந்தா இல்லாத ஃப்ரீவியூ அலைவரிசைகள் வரும். விளையாட்டு மட்டும் வேண்டுமென்றால், ஸ்கை அலைவரிசைகளை மாதச் சந்தாவில் தரும் நவ் சேவை இருக்கிறது. தமிழ் நிகழ்ச்சிகளைப் பெரும்பாலான வீடுகளில் இப்போது இணையச் செயலிகளில்தான் பார்க்கிறோம். நேரலை நிகழ்ச்சிகளுக்கும் பிபிசி ஐபிளேயருக்கும் வேண்டிய தொலைக்காட்சி உரிமக் கட்டணம் மட்டும் எந்தப் பேரத்துக்கும் அசையாது. 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்த அந்தக் கட்டணம், ஸ்கையோ வர்ஜினோ வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் தனியாகக் கட்ட வேண்டியது.

எனவே தொலைக்காட்சியில் துணிந்து முன்னறிவிப்புக் கொடுங்கள். தொலைபேசிப் பட்டியலில் "பில் பற்றி", "தொழில்நுட்ப உதவி" என்பவற்றைத் தவிர்த்து, "விலக நினைக்கிறேன்" என்ற தெரிவைத் தேர்ந்தெடுத்தால், அழைப்பு நேராகத் தக்கவைப்புப் பிரிவுக்குப் போகும். அங்கே வேலை செய்பவர்கள் ரிடென்ஷன் என்றுதான் அதைச் சொல்வார்கள். உங்களை இழக்காமல் வைத்துக்கொள்வதே அவர்களுடைய வேலை என்பதால் தள்ளுபடி தரும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் தங்கள் கையில் இருப்பதில் மிகச் சிறிய தள்ளுபடியைத்தான் முதலில் நீட்டுவார்கள். 88 பவுண்டு கட்டுபவருக்கு "உங்கள் விசுவாசத்துக்காக 8 பவுண்டு குறைக்கிறோம்" என்பார்கள். நம்மவர்களில் பலர் இந்த இடத்தில் நன்றி சொல்லி ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். காய்கறிக் கடையில் பத்து பென்ஸுக்கு நின்று பேசுபவர்களும், ஆங்கிலத்தில் இனிமையாகப் பேசும் குரலுக்கு முன்னால் சங்கடப்பட்டு இறங்கிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். "ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இதே தொகுப்பைப் புதியவருக்கு 59 பவுண்டுக்குத் தருகிறீர்கள். பிராட்பேண்டுக்கு எனக்கு வேறொரு நிறுவனம் 28 பவுண்டுக்குத் தருகிறது. 59 பவுண்டுக்கு அருகில் வர முடிந்தால் இருந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் தொலைக்காட்சிக்கு இன்றே முன்னறிவிப்புக் கொடுத்துவிடுகிறேன்." இவ்வளவு போதும். அதன்பின் பேசாமல் இருங்கள். சில வினாடிகள் நீளும் அந்த மௌனத்தை நிரப்ப வேண்டிய அவசியம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. குரலை உயர்த்துவதிலும் பழைய குறைகளைப் பட்டியலிடுவதிலும் ஒரு பென்ஸும் குறையாது. தள்ளுபடியை அழுத்தித் தர வேண்டிய பொத்தான் அந்த ஊழியரின் கையில் இருக்கிறது, அவர் உங்களை விரும்பினால் இன்னொருமுறை தேடிப் பார்ப்பார். அவரால் முடியவில்லை என்றால் கோபப்படாமல் முன்னறிவிப்பைப் பதிவு செய்யச் சொல்லி, முடியும் தேதியை எழுத்தில் கேளுங்கள். முன்னறிவிப்புக் காலம் பொதுவாக ஒரு மாதம். அந்த மாதத்தில் பெரும்பாலும் ஓர் அழைப்போ மின்னஞ்சலோ வரும், அதில் முதல் பேச்சில் இல்லாத விலை இருக்கும். வராமலும் போகலாம். அதனால்தான் இழந்தாலும் பாதகமில்லாத தொலைக்காட்சியில் மட்டும் இதைச் செய்யச் சொல்கிறேன்.

விளையாட்டு அலைவரிசை வைத்திருப்பவர்களுக்கு நேரம் முக்கியம். பிரீமியர் லீக் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகிறது. கால்பந்து மட்டும் பார்க்கும் வீடு ஜூன், ஜூலை மாதங்களுக்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை. ஆகஸ்டில் பேரம் பேசுவதைவிட மே மாதக் கடைசியில் பேசுவது எளிது. எங்கள் வீடுகளில் சிக்கல், கோடையில் கிரிக்கெட் வந்துவிடுகிறது.

தொகுப்பைப் பிரித்தால் தள்ளுபடி போய்விடும் என்று நிச்சயம் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். பிராட்பேண்ட் இல்லாமல் தொலைக்காட்சிக்கு மட்டும் என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொண்டு, வெளியில் கிடைக்கும் பிராட்பேண்ட் விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டிப் பார்த்தபின் தொகுப்பே மலிவாக இருந்தால் தொகுப்பிலேயே இருங்கள். பிரிப்பது ஒரு கொள்கை அல்ல.

இப்போது கணக்கு. வாய்மொழியாகச் சொல்லும் மாத விலையை மட்டும் வைத்து எதையும் ஒப்பிடாதீர்கள். 2025 ஜனவரி 17-க்குப் பின் செய்யும் பிராட்பேண்ட் ஒப்பந்தங்களில், இடைக்கால விலை உயர்வைப் பணவீக்கத்தோடு இணைத்து எழுதக் கூடாது. உயர்த்துவதானால் எத்தனை பவுண்டு, எந்த மாதம் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். தெளிவு வந்தது, உயர்வு ஒழியவில்லை. ஆண்டுதோறும் மாதக் கட்டணத்தில் 3 அல்லது 4 பவுண்டு கூடும் என்று எழுதிவிடுகிறார்கள். ஜனவரியில் 28 பவுண்டுக்கு 24 மாத ஒப்பந்தம் செய்து, ஒவ்வோர் ஏப்ரலிலும் 4 பவுண்டு கூடுவதாக வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் 28, பன்னிரண்டு மாதம் 32, ஒன்பது மாதம் 36 என்று மொத்தம் 792 பவுண்டு ஆகிறது. சராசரி மாதத்துக்கு 33 பவுண்டு. பக்கத்தில் இன்னொரு நிறுவனம் உயர்வே இல்லாமல் 31 பவுண்டு என்று சொன்னால் அதன் மொத்தம் 744 தான். 28 என்ற எண்ணைப் பார்த்துக் கையெழுத்திட்டவர் 48 பவுண்டு அதிகம் கட்டுகிறார். மொத்தம் குறைவான அந்த ஒப்பந்தத்தில் இணைப்புக் கட்டணம் உண்டா, ரவுட்டரை அஞ்சலில் அனுப்பத் தொகை கேட்கிறார்களா என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுத் தளங்களில் ஆஃப்காம் அங்கீகாரம் பெற்றவற்றைப் பாருங்கள். கேஷ்பேக் தளம் வழியாகப் பதிவு செய்தால் ஒரு தொகை திரும்பக் கிடைக்கலாம், ஆனால் அது வந்து சேர மாதங்கள் ஆகும், சில வேளை வராமலே போகும். அதை வரவில் எழுதாமல், வந்தால் மகிழுங்கள்.

பேரத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. விலையைக் குறைக்கக் கேட்டால், விலையை அப்படியே வைத்துவிட்டு வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்வார்கள், அல்லது யாரும் பார்க்காத திரைப்பட அலைவரிசைகளைச் சேர்ப்பார்கள். ஒரு 4கே படம் ஓடுவதற்கு ஏறத்தாழ 15 முதல் 25 மெகாபிட் வேகம் போதும். நான்கு பேர் உள்ள வீட்டில் 100 முதல் 150 மெகாபிட் தாராளம். வீட்டுச் சுவர்களைத் தாண்டாத வைஃபைக்கு ஒரு கிகாபிட் ஃபைபர் வாங்கியும் பயன் இல்லை. நான் ஒருமுறை இப்படி ஒரு நிறுவனத்தின் "இலவச உயர்வை" ஏற்று, அதோடு புதிய 24 மாத ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொண்டேன் என்பதை அடுத்த ஆண்டுதான் கண்டுகொண்டேன்.

அதனால்தான் எழுத்தில் வாங்காமல் சம்மதிக்காதீர்கள் என்கிறேன். 2022 ஜூன் முதல், ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே நிறுவனம் ஒரு சுருக்கத்தைக் கொடுத்தாக வேண்டும். விலை, உயர்வு, காலம், வேகம், விலகல் விதி எல்லாம் அதில் இருக்கும். மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, தொலைபேசியைப் பிடித்துக்கொண்டே வாசியுங்கள். அவசரப்படுத்தினால், பிறகு அழைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுங்கள். தொலைபேசியில் செய்த ஒப்பந்தத்துக்கு 14 நாள் மனம் மாறும் உரிமையும் உண்டு. அதற்குள் வேறு நல்ல விலை கிடைத்தால், பயன்படுத்திய நாட்களுக்கு மட்டும் கட்டி விலகலாம்.

உங்கள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆனால் உங்கள் தம்பியுடையது இன்னும் பத்து மாதம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவருக்குப் பேரத்தில் இடம் குறைவு, இல்லாமல் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதப்படாத உயர்வை நிறுவனம் பிராட்பேண்டுக்கு அறிவித்தால், அறிவித்ததிலிருந்து 30 நாளுக்குள் கட்டணமின்றி விலகலாம். பிராட்பேண்ட் வேகம் குறித்த ஆஃப்காமின் நடத்தை விதிகளை ஏற்றுள்ள நிறுவனமாக இருந்து, உத்தரவாதம் தந்த குறைந்தபட்ச வேகம் வராமல், புகார் செய்து 30 நாளில் சரிசெய்யாவிட்டாலும் விலகலாம். விலகல் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். முன்கூட்டி விலகிய ஏறத்தாழ 82,000 பேரிடம் அதிகமாக வசூலித்ததற்காக 2018-இல் வர்ஜின் மீடியாவுக்கு ஆஃப்காம் 70 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது என்பதால், அவர்கள் சொல்லும் தொகை சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடி நம்ப வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலோ அவர் வீட்டிலோ யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற அரசு உதவித்தொகை பெறுபவர் யாராவது இருந்தால், பேரத்துக்கு முன் அவர்களுக்கான சலுகை விலைத் திட்டமான சமூகக் கட்டணத் திட்டத்தைக் கேளுங்கள். பிராட்பேண்ட் பெரும்பாலும் மாதம் 20 பவுண்டையொட்டியோ அதற்குக் குறைவாகவோ கிடைக்கும். இருக்கும் நிறுவனமே அந்தத் திட்டத்தை வைத்திருந்தால், ஒப்பந்தம் நடுவில் இருந்தாலும் பொதுவாகக் கட்டணமின்றி மாற்றித் தருவார்கள். தகுதி உள்ளவர்களில் பலர், விளம்பரம் இல்லாததால், இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் முழுத் தொகை கட்டுகிறார்கள்.

கடைசியாக, விலகுவது என்று முடிவானால் வங்கியில் பில் தொகை தானாகப் பிடிக்கப்படும் டைரக்ட் டெபிட்டை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். இறுதி பில் ஒருமுறை வரும். அது கட்டப்படாமல் போனால் வசூல் நிறுவனத்துக்குப் போய், உங்கள் கடன் பதிவில் ஆறு ஆண்டு தங்கிவிடக்கூடும், அப்போது வீட்டுக்கடன் கேட்கும்போது 12 பவுண்டு பாக்கிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இறுதி பில் கட்டியபின் நிறுத்துங்கள். தொலைக்காட்சிப் பெட்டியும் ரவுட்டரும் பெரும்பாலும் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. அவர்கள் அனுப்பும் பையில் போட்டு, அஞ்சல் நிலையத்தில் தரும் ரசீதை, இறுதி பில் தீர்ந்து இரண்டு மூன்று மாதம் ஆகும்வரை எடுத்து வையுங்கள்.